"விசேஷம் ஏதாச்சும் உண்டா"ன்னு கேக்குற ஊருக்கு நடுவுல நம்ம மனச எப்படி பாத்துக்குறது

போன ஆவணில குரோம்பேட்டைல ஒரு கல்யாணம், பந்தில உக்காந்து எலைல தண்ணி தெளிச்சிட்டு இருக்கேன், பக்கத்து எலை அக்கா, யாருன்னே தெரியாது, மாப்ள வீட்டு சைடு போல, "கல்யாணமாகி எத்தன வருஷம்மா ஆச்சு"ன்னாங்க. ஆறுன்னேன். "விசேஷம் ஏதாச்சும்...?"னு இழுத்தாங்க. இல்லக்கான்னேன். உடனே என் தொடைய தட்டி "டென்ஷனே ஆகாதம்மா, மனச ஃப்ரீயா விடு, தானா நிக்கும் பாரு, எங்க நாத்தனார் பொண்ணுக்கு அப்டிதான்..."னு ஆரம்பிச்சு கூட்டு பொரியல் தாண்டி ரசம் வர்ற வரைக்கும் அந்த நாத்தனார் பொண்ணு கதை ஓடுச்சு.

மூஞ்சிக்கு நேரா திட்டினாகூட தாங்கிடலாம், இந்த "டென்ஷன் ஆகாத"தான் எனக்கு ஆகவே ஆகாது. அதுக்குள்ள என்ன ஒளிஞ்சிருக்குன்னு பாருங்க, உனக்கு நிக்காததுக்கு உன் மனசுதான் காரணம், நீ ஒழுங்கா சந்தோஷமா இல்ல, அதான். நானே மூணு வருஷம் இத நம்பிட்டு, அழுக வந்தா "ஐயோ அழுறோமே, இந்த மாசமும் போச்சே"ன்னு பயந்துகிட்டே அழுதிருக்கேன், அழுகைக்கு மேல ஒரு பயம், அந்த பயத்துக்கு மேல ஒரு குத்த உணர்ச்சி. ஐயூஐ (விந்தணுவ கருப்பைக்குள்ள செலுத்துறது) நாலு, ஐவிஎஃப் (கருவ வெளில உருவாக்கி உள்ள வைக்குறது) ரெண்டு பாத்தாச்சு, அதுல கத்துக்கிட்டத தான் எழுதுறேன். டாக்டர் இல்ல நான். கடைசில எனக்கு குழந்தை பொறந்துச்சா இல்லையான்னு இதுல சொல்லப்போறதும் இல்ல, ஏன்னா இந்த மாதிரி எழுதுறவங்க எல்லாரும் கடைசில ஒரு குட்டி கைய புடிச்ச மாதிரி போட்டோவ போட்டு முடிப்பாங்க, அத பாக்குறப்ப எனக்கு வயிறு எரியும், உங்களுக்கு அது வேணாம்.

முதல் வேலை, அந்த டென்ஷன் கதைய மண்டைல இருந்து கழட்டி வைக்குறது. 2011ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு கட்டுரை வந்துச்சு, 14 ஆய்வுகள ஒண்ணா சேத்து, மொத்தம் 3,583 பெண்களோட கணக்க போட்டு பாத்தாங்க, ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மனசு எவ்ளோ கலங்கி இருந்துச்சுங்கறதுக்கும் அந்த சைக்கிள்ல, அதாவது அந்த ஒரு சுத்து ட்ரீட்மென்ட்ல, கர்ப்பம் நின்னுச்சா இல்லையாங்கறதுக்கும் தொடர்பு இல்லன்னுதான் வந்துச்சு. அழுதுகிட்டே போனவங்களுக்கும் நின்னிருக்கு, சிரிச்சுகிட்டே போனவங்களுக்கும் நிக்காம போயிருக்கு. அதனால அழுகை வந்தா அழுங்க, அது கருவ ஒண்ணும் பண்ணாது. ஆனா உல்டாவா பாத்தா கதையே வேற, குழந்தை இல்லாதது மனச என்ன பண்ணுதுன்னு 1993ல அமெரிக்கால ஒரு ஆய்வு வந்துச்சு, இந்த பிரச்சனைல இருக்குற பெண்களோட கவலை, டிப்ரஷன் அளவெல்லாம் கேன்சர் பேஷன்ட்ஸ், ஹார்ட் பேஷன்ட்ஸ் அளவுக்கு இருந்துச்சுன்னு. கேன்சர் வந்தவங்ககிட்ட போய் யாராவது "ஃப்ரீயா விடு, தானா போயிடும்"னு சொல்வாங்களா?

இன்னொண்ணு, நாம மட்டும்தான்னு தோணும்ல, உலக சுகாதார நிறுவனம் 2023ல குடுத்த கணக்குப்படி ஆறு பேர்ல ஒருத்தர் வாழ்க்கைல ஏதோ ஒரு கட்டத்துல இத பாக்குறாங்க. தாம்பரத்துலேந்து பீச் போற எலக்ட்ரிக் ட்ரெயின் லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல ஒரு சுத்து கண்ண ஓட்டி ஆறு ஆறா எண்ணி பாருங்க, நான் அப்டிதான் பண்ணுவேன், கொஞ்சம் கிறுக்குத்தனம்தான், ஆனா எனக்கு அது உதவுச்சு.

சரி, ஃபங்ஷனுக்கு வருவோம், நெறைய பேருக்கு ரத்தம் கொதிக்கிற எடம் இதுதான். கேள்வி வரும்னு தெரிஞ்சே போறோம், ஆனா பதில் மட்டும் எடுத்துட்டு போறதில்ல, அங்க போய் திணறி ரெண்டு விஷயம் உளறிட்டு வீட்டுக்கு வந்து ராத்திரி ரெண்டு மணிக்கு "இப்டி சொல்லிருக்கலாமே"ன்னு புரள்றோம். புடவைக்கு மேட்சிங் ப்ளவுஸ் எடுத்து வைக்குற மாதிரி பதிலையும் முன்னாடியே எடுத்து வைங்க. கேக்குறவங்கள நான் மூணா பிரிச்சிருக்கேன். எலைல பக்கத்துல உக்காந்த ஆள் மாதிரி யாரோ ஒருத்தர்னா ஒரே வரி, உடனே பேச்ச திருப்பிடணும், "இன்னும் இல்லக்கா, அந்த சாம்பார் பக்கெட்ட இந்த பக்கம் வர சொல்லுங்களேன்." அவ்ளோதான், சிரிச்சுகிட்டே சொல்லுங்க, விளக்கம் குடுக்க ஆரம்பிச்சீங்கன்னா உங்க ஏஎம்எச் லெவல் (முட்டை கையிருப்ப காட்டுற ரத்த டெஸ்ட்) வரைக்கும் நோண்டுவாங்க. பெரியம்மா சித்தி வகையறா, பாசம் இருக்கு ஆனா வாய் நிக்காது, அவங்ககிட்ட "டாக்டர்கிட்ட பாத்துட்டுதான் இருக்கோம் பெரியம்மா, நல்ல சேதி இருந்தா மொத ஃபோன் உங்களுக்குதான், நீங்களா கேட்டீங்கன்னா எனக்கு அன்னைக்கு பூரா தூக்கம் வராது"ன்னு நேரா சொல்லிடுறது, இத நான் பயந்து பயந்துதான் சொன்னேன், பெரியம்மா ஒரு நிமிஷம் பேசல, அப்புறம் கண்ணு கலங்கி தலைய தடவுனாங்க, அதோட கேக்குறத நிறுத்திட்டாங்க. மூணாவது வகை வேணும்னே குத்துறவங்க. அவங்களுக்கு பதிலே கிடையாது, எழுந்து கை கழுவ போயிடுங்க.

வளைகாப்பு தனி கேஸ். சில வீட்ல நம்மள வளையல் போட கூப்பிடவே மாட்டாங்க, நலங்கு வைக்க ஒவ்வொருத்தரா பேர் சொல்லி கூப்பிட்டுட்டு நம்ம பேர் மட்டும் வராது, நாம கைல தாம்பூல பைய வெச்சுகிட்டு ஃபோன பாக்குற மாதிரி உக்காந்திருப்போம். வேற சில வீட்ல இதுக்கு நேர் எதிர், "அவ கைல இருந்து வளையல கழட்டி இவளுக்கு போடு, அடுத்தது இவளுக்குத்தான்"னு எல்லார் முன்னாடியும் நிக்க வெப்பாங்க. ரெண்டுல எது மோசம்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு தெரியல. இதுக்கு என் வழி, முன்னாடி நாளே அந்த மாசமா இருக்குற பொண்ணுகிட்டயே பேசிடுறது, அவ மேல நமக்கு கோவமும் இல்ல, பொறாமை இருக்கும், இருந்தா என்ன, மனுஷிதானே. என் கசின்கிட்ட "உனக்காக எனக்கு சந்தோஷம்டி, ஆனா அந்த கூட்டத்துல என்னால நிக்க முடியாது, அடுத்த வாரம் நீயும் நானும் மட்டும் உக்காந்து பேசலாம், உனக்கு வத்தக்குழம்பு வெச்சு எடுத்துட்டு வரேன்"னு வாய்ஸ் நோட் அனுப்பினேன். அவ புரிஞ்சுகிட்டா, அவங்க அம்மா இன்னும் புரிஞ்சுக்கல, பரவால்ல. போயே ஆகணும்னா லேட்டா போய், பூ வாங்கி வெச்சுகிட்டு, கலவை சாதம் ஒரு வாய் சாப்ட்டுட்டு கெளம்பிடுங்க, திரும்பி வர்றதுக்கு ஆட்டோவ முன்னாடியே யோசிச்சு வைங்க, யாராவது கார்ல ட்ராப் பண்றேன்னு சொல்லி வழி பூரா அட்வைஸ் குடுக்குற நெலமை வரக்கூடாது.

ஃபோன்லயும் ஒரு வேலை இருக்கு. ஸ்கேன் போட்டோ, குட்டி பாதம் போட்டோ போடுறவங்கள ம்யூட் பண்ணுங்க, ப்ளாக் வேணாம். பீரியட்ஸ் ஆப்ல நோட்டிஃபிகேஷன ஆஃப் பண்ணிடுங்க, "உங்கள் கருத்தரிப்பு நாட்கள் தொடங்குகின்றன"ன்னு மீட்டிங் நடுவுல வந்து நிக்கும் சனியன்.

இப்ப கஷ்டமான பகுதி, காத்திருக்குற ரெண்டு வாரம். ஐயூஐயோ, கருவ உள்ள வைக்குற ட்ரான்ஸ்ஃபரோ முடிஞ்சு ரத்த டெஸ்ட் வரைக்கும் இருக்கே, அந்த நாட்கள். அரசமரத்த சுத்திட்டு அடிவயித்த தொட்டு பாத்தாளாம்னு நம்ம ஊர்ல கேலியா சொல்வாங்க, எவனோ ஒரு ஆம்பளதான் அந்த பழமொழிய கண்டுபிடிச்சிருக்கணும், தொட்டு பாக்காம பின்ன என்ன பண்ணுவா? நானும் நாளுக்கு நாப்பது தடவ தொட்டு பாத்தேன். ஆனா ரெண்டு விஷயம் தெரிஞ்சிருந்தா பாதி சித்திரவதை கொறஞ்சிருக்கும். ஒண்ணு, அந்த டைம்ல குடுக்குற ப்ரோஜெஸ்டிரான் மாத்திரை, ஊசியே மார்பு வலி, வயிறு உப்புசம், தூக்கம், கோவம் எல்லாத்தையும் குடுக்கும், அதனால அறிகுறி இருந்தா நின்னுருச்சுன்னும் அர்த்தம் இல்ல, இல்லன்னா நிக்கலன்னும் அர்த்தம் இல்ல, ராத்திரி ஒரு மணிக்கு நெட்ல சிம்ப்டம்ஸ் தேடுறதுல பிரயோஜனமே இல்ல. ரெண்டாவது, முட்டை வெடிக்க போடுற ட்ரிக்கர் ஊசில பல சமயம் எச்சிஜி ஹார்மோனேதான் இருக்கும், கர்ப்பம் நின்னா உடம்புல சுரக்குறதும் அதுதான், வீட்ல யூரின் கார்டுல பாக்குறதும் அதே எச்சிஜியதான், அதனால ஊசி போட்ட முதல் பத்து நாள் கிட்ட அவசரப்பட்டு டெஸ்ட் பண்ணா ஊசிய காட்டிட்டு ரெண்டு கோடு வந்துடும். மூணாவது ஐயூஐல எனக்கு அப்டி ரெண்டு கோடு வந்துச்சு, பாத்ரூம்ல உக்காந்து சத்தம் வராம சிரிச்சேன், நாலு நாள்ல பீரியட்ஸ் வந்துடுச்சு, அது இல்லவே இல்லாத ஒண்ணுக்காக பட்ட துக்கம், அத யார்கிட்டயும் சொல்லகூட முடியல. அதனால கார்டு வாங்கி வீட்ல வைக்காதீங்க. டாக்டர் சொன்ன தேதில ரத்தம் குடுங்க, அவ்ளோதான்.

ஊசி போடுற நாட்கள்ல நமக்கு வர்ற கோவத்துல பாதி ஹார்மோன் வேலைன்னு வீட்ல எல்லாருக்கும் முன்னாடியே சொல்லி வைங்க. பருப்பு அடி புடிச்சதுக்கு நான் குக்கர சிங்க்ல தூக்கி போட்டேன். முன்னாடியே சொல்லி வெச்சதால யாரும் ஒண்ணும் கேக்கல, அவரு அமைதியா போய் இட்லி வாங்கிட்டு வந்தாரு.

ஹாஸ்பிட்டல்ல பேசுறது எப்படி? அஞ்சு நிமிஷத்துல டாக்டர் முடிச்சுடுவாங்க, வெளில வந்தப்புறம்தான் கேக்க நெனச்சதெல்லாம் ஞாபகம் வரும், வெயிட்டிங் ஹால் செவுத்துல பூரா குண்டு குண்டு குழந்தைங்க போட்டோ வேற. ஒரு நோட்டு வாங்கி கேள்விய எழுதிட்டு போங்க. முக்கியமா கேக்க வேண்டியது, எங்க வயசுக்கு, எங்க ரிப்போர்ட்டுக்கு, இந்த முறைல குழந்தை கைக்கு வர்ற வாய்ப்பு எவ்ளோ. கர்ப்பம் நிக்குற வாய்ப்பு வேற, குழந்தை பொறக்குற வாய்ப்பு வேற, போஸ்டர்ல போடுறது பெரும்பாலும் பெரிய நம்பரத்தான். அப்புறம் கவுன்சிலிங் கேளுங்க, இது சலுகை இல்ல. 2021ல வந்த செயற்கை கருத்தரிப்பு சட்டத்துலயே வெற்றி வாய்ப்பு, செலவு, பக்க விளைவு, ரிஸ்க் எல்லாத்தையும் பத்தி தம்பதிக்கு முறையா கவுன்சிலிங் குடுக்கணும்னு இருக்கு. நான் மொதல்ல போன எடத்துல கவுன்சிலர்னு உக்காந்திருந்தவங்க பேக்கேஜ் ரேட்டத்தான் விளக்குனாங்க, இஎம்ஐயோட. அது கவுன்சிலிங் இல்லன்னு தெரிஞ்சுக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

வீட்டுக்காரர். இதுல ஒண்ணு மொதல்லயே முடிச்சுடணும், விந்தணு டெஸ்ட். ஏறக்குறைய பாதி ஜோடிகள்ல ஆண் பக்க காரணமும் இருக்கு, தனியாவோ சேந்தோ. ஒரு சிம்பிள் டெஸ்ட், வலி கிடையாது, ஆனா நமக்கு எச்எஸ்ஜி (கருக்குழாய் அடைப்ப பாக்குற எக்ஸ்ரே), லேப்ராஸ்கோப்பி (வயித்துல சின்ன ஓட்டை போட்டு பாக்குறது) வரைக்கும் போனதுக்கப்புறம்தான் பல வீட்ல அவங்க அந்த சின்ன டப்பாவ வாங்குவாங்க. எங்க வீட்லயும் எட்டு மாசம் இழுத்துச்சு. அப்புறம் அவரு பேசாம இருக்குறத "இவருக்கு கவலையே இல்ல"ன்னு நெனச்சு நான் போட்ட சண்டைக்கு அளவே இல்ல, ஒருநாள் பெசன்ட் நகர் பீச்ல சுண்டல் பொட்டலத்த கைல வெச்சுகிட்டே சொல்றாரு, "நானும் அழுதா நீ எங்க போய் அழுவ"ன்னு. அன்னைலேந்து ஒரு ஏற்பாடு, புதன்கிழமை ராத்திரி அரை மணி நேரம் மட்டும் இத பத்தி பேசுறது, அதுக்குள்ள என்ன வேணா கத்தலாம், அழலாம், கணக்கு போடலாம், மத்த நாள்ல சாப்பாட்டு நேரத்துல இந்த பேச்சு கூடாது. முதல் ரெண்டு வாரம் செயற்கையா இருந்துச்சு. ஊசி டைம், மாத்திரை டைம், பில்லு, ஃபைல் எல்லாம் அவரு பொறுப்பு, உடம்பு மட்டும்தான் நம்மளது, மத்த வேலையையும் நாமளே சுமக்கணும்னு ஒண்ணும் இல்ல. அவங்க வீட்டு ஆளுங்களுக்கு பதில் சொல்றதும் அவரு வேலைதான்.

எங்க அத்தை கெட்டவங்க இல்ல, ஆனா ஆறு வருஷமா சஷ்டி, திருக்கருகாவூர் நெய், மாங்காடு ஆறு வாரம், புத்துக்கு பால்னு ஒவ்வொண்ணா லிஸ்ட் வந்துட்டே இருக்கும். சட்டில இருந்தாதான் அகப்பைல வரும்ங்கற பழமொழியே சஷ்டில விரதம் இருந்தா அகத்துல இருக்குற பைல வரும்னுதான் அர்த்தம்னு மாசா மாசம் எனக்கு கிளாஸ் எடுப்பாங்க. எனக்கு சாமி மேல வருத்தம் இல்ல, திருக்கருகாவூர் போனப்ப கர்ப்பரட்சாம்பிகை முன்னாடி நின்னு மனசு லேசாச்சு, உண்மையா. ஆனா விரதம் ஒரு பரீட்சை மாதிரி ஆகி, நிக்கலன்னா "அன்னைக்கு காபி குடிச்சல்ல"ன்னு மார்க் போட ஆரம்பிச்சா அங்க நிறுத்திடணும். நான் சொன்னது, "அத்தை, கோயிலுக்கு நான் வரேன், ஆனா குழந்தைக்காகன்னு வேண்டிக்காம சும்மா வரேன், நீங்க வேணா வேண்டிக்கோங்க." ஒத்துகிட்டாங்க. ஊசிக்கு நடுவுல நாட்டு மருந்து சூரணம் எதையும் டாக்டர்கிட்ட கேக்காம சாப்பிடாதீங்க, யார் குடுத்தாலும்.

ஆனா சில வீட்ல இது அட்வைஸோட நிக்காது. மலடின்னு கூப்பிடுறது, ரெண்டாம் கல்யாணம் பண்ணி வெப்பேன்னு மிரட்டுறது, விளக்கேத்த விடாம இருக்குறது. இதெல்லாம் "பெரியவங்க அப்டித்தான்" கணக்குல வராது. 2005 குடும்ப வன்முறை தடுப்பு சட்டத்துல, குழந்தை இல்லன்னு சொல்லி அவமானப்படுத்துறதும் கேலி பண்றதும் மன ரீதியான வன்முறைன்னு அப்டியே எழுதியே இருக்கு. 181 பெண்கள் ஹெல்ப்லைன், எந்த நேரமும் கூப்பிடலாம். உடனே கேஸ் போட சொல்லல, என்னென்ன வழி இருக்குன்னு தெரிஞ்சுக்கவாவது கூப்பிடுங்க.

ஆஃபீஸ்ல ஒரே ஒரு ஆள்கிட்ட சொல்லி வைங்க, முடிஞ்சா மேனேஜர்கிட்ட, முழுசா வேணாம், "ஒரு ட்ரீட்மென்ட் போகுது, சில நாள் காலைல லேட் ஆகும்"னு போதும். காலைல ஏழு மணிக்கு நுங்கம்பாக்கத்துல ஸ்கேன் முடிச்சு ஓஎம்ஆர் ட்ராஃபிக்ல ஒம்போதரைக்குள்ள போய் நிக்குறதே ஒரு தனி நோய்.

பணத்தையும் மனசையும் பிரிக்க முடியாது. ஐவிஎஃப் ஒரு சைக்கிளுக்கே லட்சக்கணக்குல போகும், நகை போனா மனசும் கூட போகும். எழும்பூர் அரசு தாய் சேய் மருத்துவமனைலயும் செயற்கை கருத்தரிப்பு மையம் இருக்கு, அங்கயும் ஒரு நட நடந்து விசாரிச்சுட்டு அப்புறம் லோனுக்கு கையெழுத்து போடுங்க. எத்தன சைக்கிள், எவ்ளோ ரூபா, எந்த வயசு வரைக்கும்னு ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் பேசி எழுதி வைங்க, சட்டப்படி பெண்ணுக்கு 50 வயசு வரைக்கும் அனுமதி இருக்கு, ஆனா சட்டம் விட்டுச்சுங்கறதுக்காக நம்ம உடம்பு விடணும்னு இல்ல. ஒரு ஃபெயிலியர் வந்த அன்னைக்கு ராத்திரி இந்த முடிவ எடுக்கக்கூடாது, அன்னைக்கு எடுத்தா ஒண்ணு வீட்ட வித்துடுவோம், இல்ல எல்லாத்தையும் கிழிச்சு போட்டுடுவோம். நடுவுல மூணு மாசம் ஒண்ணுமே பண்ணாம இருக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, பல கேஸ்ல தாராளமா இருக்கலாம். நான் இருந்தேன், அந்த மூணு மாசம் மறுபடி பாட்டு கிளாஸ் போனேன், தேதிய பீரியட்ஸ் வெச்சு எண்ணாம கிழமைய வெச்சு எண்ணுனேன்.

எப்ப டாக்டர்கிட்ட, அதாவது மனசுக்கான டாக்டர்கிட்ட, போகணும்? தொடர்ந்து ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் இல்ல, இல்லன்னா எழுந்திரிக்கவே முடியல, சாப்பாடு எறங்கல, முன்னாடி புடிச்ச எதுவும் புடிக்கல, நான் இருந்து என்ன பிரயோஜனம்னு நெனப்பு திரும்ப திரும்ப வருதுன்னா அது சோகம் இல்ல, டிப்ரஷனா இருக்கலாம், அதுக்கு வைத்தியம் இருக்கு. டெலி மானஸ்னு அரசோட மனநல ஹெல்ப்லைன், 14416, இலவசம், தமிழ்ல பேசலாம், 24 மணி நேரமும். சென்னைலயே 1986லேந்து இருக்குற தற்கொலை தடுப்பு அமைப்பு ஸ்நேகா, 044 2464 0050, சாகணும்னு தோணுற அளவுக்கு போயிட்டா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம கூப்பிடுங்க, அட்வைஸ் பண்ண மாட்டாங்க, கேப்பாங்க. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைலயும் பெரிய அரசு ஆஸ்பத்திரிகள்லயும் வெளிநோயாளி பிரிவு இருக்கு, கீழ்ப்பாக்கம்னதும் நம்ம ஊர்ல சிரிப்பாங்க, சிரிச்சுட்டு போகட்டும். மாத்திரை எழுதி குடுத்தா கர்ப்பத்துக்கு முயற்சி பண்றத அவங்ககிட்டயும், மன மாத்திரை சாப்பிடுறத கருத்தரிப்பு டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

கடைசியா ரிசல்ட் வர்ற நாள். என் முதல் ஐவிஎஃப் ரிசல்ட், பீட்டா எச்சிஜிங்கற அந்த ரத்த டெஸ்ட், பகல் பதினொன்ற மணிக்கு ஆஃபீஸ் டீம் லஞ்ச் எங்கன்னு பேசிட்டு இருக்கறப்ப ஃபோன்ல வந்து விழுந்துச்சு. ரெண்டாவது தடவ விவரமா இருந்தேன். லேப்ல அவரு நம்பர மட்டும் குடுத்தோம், சாயங்காலம் ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்து கதவ சாத்திட்டுதான் ரிசல்ட்ட தொறக்குறதுன்னு பேச்சு, அடுத்த நாள் ரெண்டு பேருக்கும் லீவு, சமையல் கிடையாது, மாவு மட்டும் ஃப்ரிட்ஜ்ல. யாருக்கு சொல்லணும்னு முன்னாடியே முடிவு பண்ணி, எங்க அம்மாவுக்கு அனுப்ப ரெண்டு மெசேஜ் முன்னாடி நாளே டைப் பண்ணி வெச்சுட்டேன், நின்னா ஒண்ணு, நிக்கலன்னா ஒண்ணு, ஏன்னா அந்த நேரத்துல வார்த்தை வராது. நின்னா அனுப்புற மெசேஜ எழுத யாருக்கும் உதவி தேவைப்படாது. இன்னொண்ணு இன்னும் என் ஃபோன் நோட்ஸ்ல இருக்கு, வேணும்னா எடுத்துக்கோங்க:

"அம்மா, இந்த தடவ நிக்கல. நாங்க ரெண்டு பேரும் வீட்லதான் இருக்கோம், ஒண்ணா இருக்கோம். நாளைக்கு ஃபோன் பண்ணாத, நாளான்னைக்கு காலைல நானே பண்றேன். சித்திக்கு நீயே சொல்லிடு. ராத்திரி சாப்ட்டுட்டு உன் பிரஷர் மாத்திரைய மறக்காம போட்டுக்கோ."